கண் தாவும் கணக்கு

கேள்வி: படிக்கும்போது கண் நகரும் விதத்தை வகைக்கெழுச் சமன்பாடுகளால் எழுதிவிடலாம் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். எந்திரக் கற்றல் இவ்வளவு வளர்ந்துவிட்ட காலத்தில் சமன்பாடு எதற்கு? தரவைக் கொடுத்துக் கணினியையே கற்றுக்கொள்ளச் சொன்னால் போதாதா?
— வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: முதலில் ஒரு சிறு சோதனை. மகன் கையில் நாளிதழைக் கொடுத்து, அதன் ஓரத்தில் சிறிய கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்று கண்ணாடியில் தெரியும் கருவிழியைப் பாருங்கள். அது வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போகாது. நிற்கும், தாவும், மறுபடி நிற்கும், சில வேளை பின்னுக்கும் வரும். பாரிஸில் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்தில் 1870களின் இறுதியிலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். ஆங்கிலம் படிப்பவரின் கண் ஓரிடத்தில் சராசரியாக 200 முதல் 250 மில்லிநொடி தங்குகிறது. ஒரு தாவலில் ஏழெட்டு எழுத்துகளைக் கடக்கிறது.

இந்தத் தங்கலுக்கும் தாவலுக்கும் காரணம் சொல்ல முயன்றவற்றுள் ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் ரால்ஃப் எங்பர்ட்டும் ரைன்ஹோல்ட் கிளீகலும் உடனுழைத்தவர்களும் உருவாக்கிய 'ஸ்விஃப்ட்' என்ற கணித மாதிரி முக்கியமானது (பெயரைக் கேட்டுக் காரை நினைக்க வேண்டாம்). 2005இல் விரிவாக வெளிவந்த அந்த மாதிரியில், பார்வைக்கு எட்டும் ஒவ்வொரு சொல்லும் ஒரு தொட்டி போன்றது. சொல்லைப் படிக்கத் தொடங்கும்போது தொட்டியில் நீர் ஏறுகிறது. சொல் அடையாளம் தெரியத் தெரிய வடிந்து, முடிவில் வற்றிவிடுகிறது. நீர் எந்த வேகத்தில் ஏறி இறங்குகிறது என்பதைத்தான் வகைக்கெழுச் சமன்பாடு கூறுகிறது. அரிய சொல்லுக்குத் தொட்டி ஆழம்; பழகிய சொல்லுக்கு ஆழம் குறைவு. எந்தத் தொட்டியில் நீர் அதிகமோ அங்கே கண் தாவும் வாய்ப்பும் அதிகம். ஆகவே, முழுதும் வற்றாமல் விட்டுவந்த சொல்லுக்குக் கண் ஏன் திரும்பிப் போகிறது என்பதற்குத் தனி விதி எதையும் சேர்க்காமலே இம்மாதிரி விடை தந்துவிடுகிறது. எந்திரக் கற்றலில் தரவிலிருந்து கற்ற நரம்பு வலைப்பின்னல் என்னும் கணினி நிரல் கண் திரும்பும் இடத்தைச் சரியாகக் கணிக்கலாம். ஆனால் காரணம், கற்கும்போது அது தனக்குள் சரிசெய்துகொண்ட எண்ணற்ற எண்களுக்குள் புதைந்து கிடக்கும்.

அதற்காக எந்திரக் கற்றலுக்கு இங்கே வேலையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அடுத்து வரும் சொல் எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது என்பதை அறிய, முன்பெல்லாம் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, 'அடுத்த சொல் என்ன?' என்று பலரிடம் கேட்டு எண்ணுவார்கள். இப்போது அந்த எண்ணை, ஏராளமான எழுத்தைப் படித்து அடுத்த சொல்லைக் கணிக்கக் கற்ற மொழி மாதிரிகள் என்னும் கணினி நிரல்கள் நொடியில் தருகின்றன. அதைச் சமன்பாட்டுக்குள் உள்ளிடலாம். ஆழம், வேகம் போன்ற மதிப்புகளைச் சராசரி வாசகருக்கென்று நிர்ணயிக்காமல், ஒவ்வொருவருடைய கண்ணசைவுப் பதிவிலிருந்தும் தனித்தனியே கணித்தெடுக்கவும் இன்று புள்ளியியல் முறைகள் உள்ளன. எலும்புக்கூடு சமன்பாடு, சதை தரவு என்ற இந்த ஏற்பாடே எனக்குச் சரியாகப் படுகிறது.

இன்னொன்றையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள். மொழி மாதிரி பெரிதாகப் பெரிதாக மனிதர் படிக்கும் நேரத்தை இன்னும் நன்றாகக் கணிக்கும் என்றுதானே நினைப்போம்? 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு நேர்மாறாகக் காட்டியது. அளவுக்கு மீறிப் படித்துவிட்ட பெரிய மாதிரி, அபூர்வமான ஒரு பெயரைக் கண்டும் வியப்பதில்லை. நாமோ அங்கே நின்றுவிடுகிறோம்.

கேள்வி: ஆங்கிலத்துக்குக் கண்ட எண்கள் தமிழுக்கும் பொருந்துமா?
— பள்ளி ஆசிரியர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: சமன்பாட்டின் வடிவம் பொருந்தலாம், எண்களை அப்படியே எடுத்தாள முடியாது. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' என்பது நமக்கு ஒரே சொல். ஏழெட்டு எழுத்துத் தாவலில் அதைக் கடந்துவிட முடியாது. அதைவிடப் பெரிய சிக்கல் தொட்டியின் ஆழம். இந்தச் சொல் ஒரு பெரிய நூல்தொகுப்பில் ஒருமுறைகூட வராமல் இருக்கலாம். ஆனால் 'வந்து', 'கொண்டு', 'இருந்து' மூன்றும் நாளெல்லாம் நம் வாயில் புழங்குபவை. முழுச்சொல் எவ்வளவு அரிதாக வருகிறது என்பதைக் கணக்கில் எடுத்தால் கண் அங்கே நெடுநேரம் தங்கும் என்று மாதிரி சொல்லும்; பகுதி, விகுதிகளை எடுத்தால் விடை வேறு. எதைத் தொட்டியாகக் கொள்வது என்பதைத் தமிழ் படிப்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்துதான் முடிவு செய்ய வேண்டும்.