கடன் முடிந்த காரை நல்ல விலைக்கு விற்பது எப்படி?

கடனைக் கட்டி முடித்த காரையும் தரகர்கள் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்சி புத்தகத்தில் வங்கியின் பெயர் இன்னும் இருந்தால், வங்கி தரும் தடையின்மைச் சான்றையும் கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35-ஐயும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுத்து முதலில் அதை நீக்குங்கள். அந்த ஒரு வரியைக் காட்டியே விலையைக் குறைத்துவிடுவார்கள்.

கிலோமீட்டர் குறித்த சர்வீஸ் பில்களைத் தேதி வரிசையில் அடுக்கிக் காட்டுங்கள். முழு வண்டிக்கும் புதிதாகப் பெயின்ட் அடித்தால் விபத்தை மறைக்கிறீர்களோ என்ற ஐயமே எழும் என்பதால், கதவோரச் சிறு கீறல் அப்படியே இருக்கட்டும். வாங்குபவர் வருமுன் இன்ஜினைச் சூடாக்கி வைக்காதீர்கள். குளிர்ந்த இன்ஜின் ஒரே திருப்பில் கிளம்புவதை அவரே காதால் கேட்கட்டும்.

விலை படிந்தாலும், உரிமை மாற்றத்துக்கான வெற்றுப் படிவம் 29, 30-இல் தயவுசெய்து கையெழுத்திடாதீர்கள். காப்பீட்டின் நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி, உங்களுக்கே உரியது. அடுத்த வண்டிக்கு அதை மாற்றிக்கொள்ளுங்கள்.