வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த புள்ளி

கேள்வி: ஒவ்வொரு நாளும் ஒரு கணக்கு காட்டும் புள்ளியைத் தேடிப் போகும் ஜியோஹாஷிங் விளையாட்டைப் பற்றிப் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பரோடு அன்றைய புள்ளியைத் தேடிப் போனேன். இன்னும் 300 மீட்டர்தான் என்றபோது வேலி குறுக்கிட்டது. உள்ளே தனியார் நிலம், அனுமதி கேட்க ஆளில்லை. திரும்பிவிட்டோம். "தாண்டியிருக்கலாம், யார் பார்க்கப்போகிறார்கள்? ஜிபிஎஸ் பிழை என்று சொல்லி, போய்ச் சேர்ந்ததாகவே எழுதிவிடு" என்கிறார் நண்பர். நாள் வீண்தானா?
– ஒரு வாசகர்

பதில்: தாண்டாமல் திரும்பியது சரி. 'போய்ச் சேரவில்லை' என்றே எழுதுங்கள்.

ஜிபிஎஸ் மேல் பழி போட வழியில்லை. திறந்த வானத்தின் கீழ் சாதாரணச் செல்போனே ஐந்து மீட்டர் அளவுக்குத்தான் பிசகும்.

ராண்டல் மன்ரோ 2008 மே மாதம் தன் இணையச் சித்திரம் ஒன்றில் இந்த விளையாட்டுக்கான கணக்கைக் கொடுத்தார். தேதியையும், அமெரிக்கப் பங்குச்சந்தைக் குறியீடான டவ் ஜோன்ஸின் அன்றைய தொடக்க எண்ணையும் சேர்த்து, எதைக் கொடுத்தாலும் ஊகிக்க முடியாத ஓர் எண்ணாக மாற்றும் எம்டி5 என்ற கணக்கில் போட வேண்டும். வரும் விடையில் ஒரு பாதி அட்சரேகைக்கும் மறுபாதி தீர்க்கரேகைக்கும் தசமப் பகுதியாகிறது. உலக வரைபடத்தை ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரி என்று பிரித்த ஒவ்வொரு கட்டத்திலும் அன்றைக்கு ஒரு புள்ளி. சந்தை எண் வரும்வரை அது எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது. எது ஏரி, எது ராணுவ முகாம், எது யாருடைய தோட்டம் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தெரியாது. எட்டாத இடத்தில் விழுவதும் விளையாட்டில் சேர்ந்ததுதான். அதனால்தான் இதில் ஈடுபட்டவர்கள் தோல்விகளையும் காரணத்தோடு பதிவு செய்கிறார்கள். பரிசோதிக்க யாரும் வருவதில்லை. எழுதுகிறவர் சொல்லை நம்பியே எல்லாம் நடக்கிறது. உங்கள் நண்பர் கெடுக்கச் சொல்வது அந்த நம்பிக்கையை.

அப்புறம், அந்த நிலத்துக்காரர் இந்த விளையாட்டில் சேரவே இல்லை. ஒரு கணக்கு அவர் நிலத்தைக் காட்டியது என்பதால் உள்ளே நுழையும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். கிளம்புமுன் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தீர்களா? 30 டிகிரி மேற்குத் தீர்க்கரேகைக்குக் கிழக்கே இருப்பவர்கள் முந்தைய நாளின் தொடக்க எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. வார இறுதியில் சந்தை இல்லை. அதனால் வெள்ளிக்கிழமை நியூயார்க் சந்தை திறந்ததுமே சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள் புள்ளிகளும் தெரிந்துவிடும். நீங்கள் அந்தப் பக்கத்தில் இருப்பவரானால், சனிக்கிழமை முழுக்க உங்கள் கையில் இருந்தது. வேலி படத்தில் தெரியாமல் போகலாம். உழுத நிலமும் கட்டடமும் தெரியும். பக்கத்துக் கட்டத்தையும் பார்த்திருக்க வேண்டும். தசமப் பகுதி எல்லாக் கட்டங்களிலும் ஒன்றே என்பதால், அங்கே உள்ள புள்ளி சரியாக ஒரு டிகிரி தள்ளி இருக்கும். வடக்கு தெற்காக அது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். கட்டத்தின் எல்லை ஓரத்தில் வசிப்பவருக்குப் பல நாட்களில் பக்கத்துப் புள்ளிதான் கிட்டே இருக்கும்.

வீண் இல்லை. எந்தப் பக்கமிருந்து போனீர்கள், வேலி எங்கே தொடங்குகிறது, எத்தனை மீட்டரில் நின்றீர்கள் என்று எழுதுங்கள். நின்ற இடத்தின் ஆயத்தொலைவு தெரியும்படி செல்போன் திரையின் படத்தையும் சேருங்கள். நிலத்துக்காரரைக் கண்டுபிடித்து அவர் சம்மதித்தால் இன்னொரு நாள் அதே புள்ளிக்குப் போகலாம். அதற்குத் தனிப்பதிவு போட்டு, போன தேதியையே எழுதுங்கள்.