சிக்னல் இல்லாத மேல்மலையில் எஸ்பெராண்டோ: போனில் எதை ஏற்றுவது?

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் பக்கம் இருக்கிறேன். எஸ்பெராண்டோ மொழி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். இங்கே சிக்னல் வந்தால் வந்தது, போனால் போனது. ஞாயிறு சந்தைக்குக் கொடைக்கானல் போகும்போதுதான் நல்ல வைஃபை கிடைக்கும். கையில் 32 ஜிபி கார்டு போட்ட பழைய ஆண்ட்ராய்டு போனும், பழைய கின்டில் ஒன்றும் இருக்கின்றன. இணையம் இல்லாமல் படிக்க எதை, எங்கிருந்து எடுப்பது? ஏற்கெனவே இறக்கிய ஒரு பாடக் கோப்பில் பாதி எழுத்து கன்னாபின்னாவென்று வருகிறது. அதை என்ன செய்வது?

பதில்: உங்களுக்கு 32 ஜிபி தாராளம். முதல் மூன்று மாதத்துக்கு வேண்டியதெல்லாம் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். பாடப்புத்தகம் கிடைப்பதில் சிரமமே இல்லை. அகராதியைக் கையடக்கக் கருவியில் ஒழுங்காக வேலை செய்ய வைப்பதில்தான் பலரும் சோர்ந்துபோகிறார்கள். அதனால் புத்தகத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு அகராதிக்கு வருவோம்.

எஸ்பெராண்டோவை உருவாக்கிய சாமன்ஹோஃப் 1887-இல் முதல் நூலை வெளியிட்டபோதே மொழியின் மீது தனக்கு உரிமை எதுவும் வேண்டாம் என்று அறிவித்துவிட்டார். ஆரம்பகாலப் பாடநூல்கள் பலவும் இப்போது பொதுவுடைமை. புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இலவச மின்னூல் தளத்தில் ஐவி கெல்லர்மன் எழுதிய 1910-ஆம் ஆண்டு இலக்கண நூலை எடுங்கள். ஆங்கில வழியில் 60 பாடங்கள். ஒவ்வொன்றிலும் பயிற்சி வாக்கியங்கள். நடை பழசு, ஆனால் ஒழுங்கு அருமை. கூடவே 1905-இல் வந்த, மொழியின் அடிப்படை நூலான ‘ஃபுண்டமென்டோ’வின் பயிற்சிப் பகுதி: 42 பகுதிகள், எளிய வாக்கியத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். இந்த இரண்டும் போதும். பத்துப் பாடநூல் இறக்கி வைத்தவர் பத்திலும் முதல் பாடத்தை மட்டும் படித்திருப்பார்.

இறக்கும்போது பிடிஎஃப் வேண்டாம், ஈபப் என்ற மின்னூல் வடிவத்தை எடுங்கள். ஆறு அங்குலத் திரையில் பிடிஎஃப் பக்கம் சுருங்கித்தான் தெரியும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் தள்ள வேண்டும். ஈபப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கிக்கொள்ளும். பெர்டிலோ வென்னர்கிரென் எழுதிய விரிவான இலக்கணக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது, மிக நல்ல நூலும்கூட. ஆனால் அது முழுக்க எஸ்பெராண்டோவிலேயே இருக்கிறது. அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

கின்டிலில் கேபிள் வழியாக நேரடியாகப் போட்ட ஈபப் திறக்காது. கணினியில் காலிபர் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு ஏஇசட்டபிள்யூ3 வடிவத்துக்கு மாற்றி ஏற்றுங்கள். கின்டிலுக்கு அதோடு வேலை முடிந்தது. அதில் எஸ்பெராண்டோ அகராதி அமைக்க மெனக்கெட வேண்டாம். ஆங்கிலவழிப் பாடநூலில் சொல்லை அழுத்தினால் கின்டில் ஆங்கில அகராதியில்தான் தேடும். அதைச் சரிக்கட்ட ஆகும் நேரத்தில் மூன்று பாடம் படித்துவிடலாம். கின்டில் வாசிக்க, போன் சொல் தேட என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

போனில் கேஓரீடர் என்ற மின்னூல் வாசிப்புச் செயலியைப் போடுங்கள். இலவசம், விளம்பரம் இல்லை, பழைய ஆண்ட்ராய்டிலும் ஓடும். அது ஸ்டார்டிக்ட் வகை அகராதிகளை ஏற்கும். ஒரு ஸ்டார்டிக்ட் அகராதி என்பது ஒரே பெயரில் இருக்கும் மூன்று கோப்புகள்: ஐஎஃப்ஓ, ஐடிஎக்ஸ், டிக்ட். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அகராதி வேலை செய்யாது. கேஓரீடர் கோப்புறைக்குள் டேட்டா, அதற்குள் டிக்ட் என்ற உறை இருக்கும். அங்கே தனிக் கோப்புறை போட்டு மூன்றையும் வையுங்கள். ஜிப்பாக அப்படியே வைத்தால் படிக்காது.

அகராதி ஏறிவிட்டது, சொல்லை அழுத்துகிறீர்கள், ‘இல்லை’ என்கிறது. கோளாறு அகராதியில் இல்லை. சொல் விகுதியோடு இருக்கிறது. ஹுண்டோ என்றால் நாய். பன்மைக்கு ய், செயப்படுபொருளுக்கு ன். ‘ஹுண்டோய்ன்’ என்றால் நாய்களை. நாய், கள், ஐ: நம் வரிசையேதான். இரண்டாம் வேற்றுமையில் ஆங்கிலேயர் தடுமாறும் இடத்தில் தமிழர் தடுமாற வேண்டியதில்லை. ஆனால் ‘நாய்களை’ என்று எந்த அகராதியிலும் தலைச்சொல் இருக்காதல்லவா? அதே கதைதான். தேடல் பெட்டியில் சொல்லைத் திருத்தலாம். கடைசி ன் இருந்தால் நீக்குங்கள், அடுத்து ய் இருந்தால் நீக்குங்கள், மறுபடி தேடுங்கள். வினையானால் ஆஸ், இஸ், ஓஸ், உஸ், உ ஆகிய ஐந்தில் எது இருந்தாலும் எடுத்துவிட்டு இ போடுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால் சொல்லை உடைக்க வேண்டும். ‘மல்சனுலேயோ’ என்று ஒன்று வரும். மல் என்பது எதிர்மறை, சன் என்பது உடல்நலம், உல் என்பது ஆள், ஏய் என்பது இடம். நலமில்லாதவர் இருக்கும் இடம், ஆஸ்பத்திரி. இருபது முப்பது ஒட்டுகளை ஒரு தாளில் எழுதி போன் உறைக்குள் செருகி வையுங்கள். அகராதியைத் திறக்கும் வேலை பாதியாகக் குறையும்.

இதைத் தவிர, தட்டச்சு செய்து தேட பிரேவோ என்ற ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது. ‘ரேட்டா வோர்டாரோ’ என்னும் இணைய அகராதியை முழுக்கப் போனுக்குள் வைத்துத் தருவது அது. விளக்கமெல்லாம் எஸ்பெராண்டோவில் இருக்கும், மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். பால் டெனிசோவ்ஸ்கி தொகுத்த எஸ்ப்டிக் இன்னொன்று: 60,000-க்கு மேற்பட்ட சொற்கள், ஒவ்வொரு வரியிலும் சொல், முக்காற்புள்ளி, ஆங்கிலப் பொருள். வெறும் உரைக் கோப்பு என்பதால் எந்த டப்பா போனிலும் திறக்கும், சில எம்பிதான்.

இனி அந்தக் கன்னாபின்னா எழுத்து. எஸ்பெராண்டோவில் 28 எழுத்து, அவற்றில் சி, ஜி, எச், ஜே, எஸ் ஐந்தும் தலைமேல் கூரை (^) போட்டு ஒருமுறை கூடுதலாக வரும், யு-வுக்குப் பிறை. இந்த ஆறில்தான் எல்லா வம்பும். கூரை போட்ட சி வர வேண்டிய இடத்தில் ஏ-யும் ஈ-யும் ஒட்டியதாக ஓர் எழுத்து, ஜி-க்குப் பதில் குறுக்குக் கோடு விழுந்த ஓ, எச்சுக்குப் பதில் பத்திக்குறி, ஜே-வுக்குப் பதில் கால் பின்னம்: இப்படி இருந்தால் உங்கள் கோப்பு லத்தீன்-3 (ஐஎஸ்ஓ-8859-3) என்ற பழைய குறியாக்கத்தில், அதாவது எழுத்தை எண்ணாகச் சேமிக்கும் முறையில், எழுதப்பட்டது, கருவி அதை லத்தீன்-1 என்று நினைத்துத் திறக்கிறது. கோப்பு கெடவில்லை. காலிபரில் மாற்றும்போது ‘உள்ளீட்டுக் குறியாக்கம்’ கேட்கும் இடத்தில் ஐஎஸ்ஓ-8859-3 என்று கொடுத்தால் தீர்ந்தது. நோட்பேட்++ என்ற கணினி உரைத்திருத்தி வழியாகச் செய்தால் முதலில் 8859-3 ஆகப் படிக்கச் சொல்லி, எழுத்து சரியாகத் தெரிந்த பிறகு யூடிஎஃப்-8-க்கு மாற்றிச் சேமியுங்கள். வரிசை மாறினால் தப்பான எழுத்தே நிரந்தரமாகிவிடும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வேறு விஷயம்: எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை, வாசிப்புச் செயலியில் எழுத்துருவை மாற்றினால் போதும்.

மூன்றாவது வகை: சி, ஜி போன்றவற்றுக்குப் பின்னால் ஓர் எக்ஸ் ஒட்டியிருக்கும். கூரை போட முடியாத காலத்துப் பழக்கம் இது. எஸ்பெராண்டோவில் எக்ஸ் என்ற எழுத்தே கிடையாது என்பதால் தேடி மாற்றுவது பத்திரமானது. ஆனால் ஆங்கிலவழிப் பாடநூலில் ஒரு பொறி இருக்கிறது. யு-எக்ஸை மொத்தமாக மாற்றினால் ‘ஆக்ஸிலியரி’ என்ற ஆங்கிலச் சொல்லிலும் பிறை ஏறிவிடும். எஸ்பெராண்டோ நூல்களில் அடிக்கடி வரும் சொல் அது. மற்ற ஐந்தையும் மொத்தமாக மாற்றுங்கள், யு-எக்ஸை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

ஒலிக்கு லிப்ரிவாக்ஸ் தளத்தில் மொழி வாரியாகத் தேடினால் எஸ்பெராண்டோ வாசிப்புகள் கிடைக்கும். 64 கேபிபிஎஸ் பதிப்பே போதும். ஒரு மணி நேரம் சுமார் 29 எம்பி, பத்து மணி நேரம் 300 எம்பிக்குள். பேச்சு மொழி பழக போலா ரெட்ரேடியோ, கெர்ன்.புங்டோ பாட்காஸ்ட்டுகளை ஆன்டெனாபாட் செயலியில் சேர்த்து ஞாயிறு அன்று இறக்கிக்கொள்ளலாம். நேரலை வானொலியை நம்பாதீர்கள், மேல்மலைக்கு ஒத்துவராது. டுவோலிங்கோவில் 2015 முதல் எஸ்பெராண்டோ பாடம் இருக்கிறது. ஆனால் அது இணையத்தைச் சார்ந்தது, நகரத்துக்குப் போகும் நாளில் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

கேட்பதை ஏன் வற்புறுத்துகிறோம் என்றால், தமிழில் குறிப்பெடுக்கும் பழக்கம் இங்கே காலை வாரிவிடும். பகரத்தில் தமிழ் எழுத்து ஒன்றுதான். ரொட்டிக்கும் குளியலுக்கும் எஸ்பெராண்டோவில் முதல் எழுத்து மட்டும் வேறு, ஒன்று பி (p), மற்றது அதன் அதிர்வொலி (b); தமிழில் இரண்டும் ‘பானோ’. க, ட, த வரிசைகளுக்கும் இதே கதி. அதனால் ஆன்கிடிராய்டில் நினைவட்டை செய்யும்போது எஸ்பெராண்டோவை ரோமன் எழுத்திலேயே எழுதுங்கள், பொருளை மட்டும் தமிழில் போடுங்கள். ஆன்கிடிராய்டு முழுக்க இணையமின்றி ஓடும். நாளுக்கு 20 புது அட்டை என்று இயல்பாக அமைந்திருக்கும். அதைப் பத்தாகக் குறையுங்கள். இல்லையென்றால் மூன்றாவது வாரத்தில் திருப்புதல் மட்டுமே நூற்றைத் தாண்டும், செயலியைத் திறக்கவே மனம் வராது.

கூகுள் டிரான்ஸ்லேட்டில் எஸ்பெராண்டோ, தமிழ் இரண்டுக்கும் இணையமில்லாப் பொதி உண்டு. அவசரத்துக்கு உதவும். வாக்கியத்தைச் சரிபார்க்க அதை நம்ப வேண்டாம். ஒட்டு ஒட்டாக உருவாக்கிய சொற்களில் சறுக்கும்.

மூன்று மாதம் கழித்து வாசிக்கப் பசி எடுக்கும்போது, விக்கிப்பீடியா போன்றவற்றை இணையமின்றிப் படிக்க உதவும் கிவிக்ஸ் செயலியைப் போடுங்கள். எஸ்பெராண்டோ விக்கிப்பீடியா முழுவதும் ஒரே கோப்பாக வரும். குட்டன்பர்க்கின் எஸ்பெராண்டோ நூல்களும் தனிக் கோப்பாக உண்டு. படமில்லாப் பதிப்பை எடுங்கள். பிளே ஸ்டோர் வழி வந்த கிவிக்ஸ், கார்டில் கிடக்கும் கோப்பைத் தானாகக் கண்டுபிடிக்காமல் போகலாம். கோப்பைக் கையால் தேர்ந்து காட்ட வேண்டும். எஃப்ஏடி32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த கார்டில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. எஸ்பெராண்டோவுக்கு அந்தச் சிக்கல் வராது, ஆங்கில விக்கியையும் சேர்த்து ஏற்ற நினைத்தால் வரும். கார்டைப் போன் கேட்கும்போது ‘இன்டர்னல் ஸ்டோரேஜ்’ ஆக்காதீர்கள். ஆக்கினால் அந்தக் கார்டு வேறு எந்தப் போனிலும் படிக்காது. பழைய போன் ஒரு மழையில் போனால் பாடங்களும் போகும்.

சந்தை நாளில் முதலில் செயலிகள், அடுத்து அகராதி, பிறகு புத்தகம், கடைசியில் ஒலி என்று இறக்குங்கள். பாதியில் வைஃபை நின்றாலும் அந்த வாரம் வீணாகாது. தளத்தில் போட்டிருக்கும் கோப்பளவும் போனில் வந்த அளவும் ஒன்றா என்று பாருங்கள். பாதி இறங்கிய ஜிப் மலையேறிய பிறகுதான் திறக்காமல் நிற்கும். பஸ் ஏறுவதற்கு முன் ஏரோபிளேன் மோடில் போட்டு, புத்தகத்தைத் திறந்து ஒரு சொல்லை அழுத்தி அகராதி வருகிறதா, ஒலி ஓடுகிறதா, ஆன்கிடிராய்டில் அட்டை தெரிகிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். தட்டச்சுக்குக் கூகுளின் ஜிபோர்டு செயலியில் எஸ்பெராண்டோ விசைப்பலகை உண்டு. அதையும் வைஃபை இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள்.