சத்துத் திரவக் குழாயையும் மூட வேண்டும்

தொண்டியிலிருந்து எழுதிய சகோதரிக்கு வணக்கம். 29 வாரத்தில் பிறந்த உங்கள் அக்கா குழந்தைக்கு நரம்பு வழியாக ஏறும் சத்துத் திரவத்தின் பையைக் கறுப்பு உறையால் மூடிவிட்டு, குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் விட்டிருப்பது சரியா என்று கேட்டிருந்தீர்கள். சரியல்ல. திரவத்துக்கு மஞ்சள் நிறம் தரும் ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) ஒளி பட்டதும் வினைபுரிந்து, ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற தீங்கான பொருள் உருவாகக் காரணமாகிறது. சத்துத் திரவத்தோடு தரும் கொழுப்புக் கரைசலிலும் இத்தகைய பெராக்சைடுகள் சேர்கின்றன. அவற்றை முறிக்கும் குளூட்டதயோன் என்ற உடலின் பாதுகாப்புப் பொருள் குறைமாதக் குழந்தைக்குக் குறைவு என்பதால், கல்லீரலுக்குச் சுமை கூடுகிறது. நம் கடலோர வெயிலும் காமாலைக்கான நீல விளக்கும் உள்ள அறையில், மெல்லிய குழாயில் மெதுவாக ஊரும் திரவத்துக்கு வெளிச்சம் படும் நேரம் அதிகம். ஆகவே பை, சிரிஞ்சு, குழாய் எல்லாவற்றுக்கும் ஒளித்தடுப்பு உண்டா, பழுப்பு நிறக் குழாய் கிடைக்குமா என்று மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். நீங்களாகத் துணி சுற்ற வேண்டாம். திரவத்தை நிறுத்தவும் சொல்ல வேண்டாம், அந்தக் குழந்தைக்கு இப்போது அதுவே உணவு.