அந்தமான் கப்பல் பேக்கேஜ்: கட்டிய முன்பணம் திரும்புமா?

கேள்வி: அந்தமானுக்கு ஏழு நாள் பேக்கேஜ் பேசி, நான்கு பேருக்கு 20,000 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். போக வர சென்னையிலிருந்து 'சொகுசுக் கப்பல்', ஹேவ்லாக், பாராடாங் தீவுகள், போகிற வழியில் 'ஜாரவா பழங்குடிகளை நேரில் காணலாம்' என்று நோட்டீஸில் இருக்கிறது. ரசீதில் 'முன்பணம் திருப்பித் தரப்படாது' என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள். நம்பிப் போகலாமா? (மதுரை வாசகர்)

பதில்: முதலில் நாட்களை எண்ணுங்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு (2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள்) கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். போக மூன்று, வர மூன்று. மிச்சமுள்ள ஒரு நாளில் ஹேவ்லாக்கையும் பாராடாங்கையும் எப்படிக் காட்டுவார் என்று ஏஜென்டிடமே கேளுங்கள். 'திரும்பும்போது விமானம் சார்' என்றால், அந்த டிக்கெட் யார் கணக்கில்?

அடுத்தது 'சொகுசு'. சென்னையிலிருந்து வழக்கமாகப் போவது அரசுப் பயணிகள் கப்பல். மாதத்துக்குச் சில நடைகள்தான், தேதியும் தள்ளிப்போகும். பங்க் வகுப்பு என்றால் பெரிய கூடத்தில் வரிசையாக அடுக்குப் படுக்கை. கேபின் என்றால் கட்டணம் பல மடங்கு. சாப்பாட்டுக்குத் தனிக் காசு. கடல் கொந்தளித்தால் அந்தச் சாப்பாடும் வயிற்றில் தங்காது. எனக்கு அந்தப் பயணம் பிடிக்கும், ஆனால் அதைச் சொகுசு என்று விற்பது அநியாயம். எந்த வகுப்பு என்று எழுதி வாங்குங்கள். தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணம் தனியே உண்டு. அந்த டிக்கெட்டை உங்கள் தலையில் கட்டிவிடாமல் பாருங்கள்.

என்னை உறுத்துவது ஜாரவா சமாசாரம்தான். பாராடாங்குக்குப் போகும் சாலை அவர்களுடைய காப்பகத்துக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளைச் சேர்த்து, காவலோடு கான்வாயாகத்தான் விடுவார்கள். நடுவில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது, பிஸ்கட் பொட்டலம்கூட நீட்டக்கூடாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறையை மீறினால் சிறைவரை போகும். மாட்டுவது ஏஜென்ட் மட்டுமல்ல, வண்டியில் இருக்கும் நீங்களும்தான். வெளியாட்களோடு பழகத் தொடங்கிய சில வருஷத்திலேயே, 1999-இல், அவர்களிடையே தட்டம்மை பரவியது. பாராடாங் சுண்ணாம்புக் குகையைப் பார்க்கப் போங்கள், தப்பில்லை. பழங்குடிகளைப் பற்றி அறிய போர்ட் பிளேரில் மானுடவியல் அருங்காட்சியகம் இருக்கிறது.

இனி பணம். சட்டம் தடுத்த ஒன்றைக் காட்டுவதாகச் சொல்லி விற்றவர், ரசீது முத்திரையைக் காட்டித் தப்பிப்பது கஷ்டம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரம், ஒருதலையான ஒப்பந்தம் இரண்டுக்கும் இடமிருக்கிறது. நோட்டீஸ், ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பக் கேட்டு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஏஜென்ட் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.