கார்த்திகை தீபம்: வாசகர் கேள்வி – பதில்

கே: திருவண்ணாமலையில் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடங்கள் மட்டும் காட்சி தந்துவிட்டு உள்ளே போய்விடுகிறாரே, ஏன்?

ப: உமையவள் அங்கே தவமிருந்து இறைவனின் இடப்பாகம் பெற்ற நாள் இது என்கிறது தலபுராணம். கொடியேற்றத்திலிருந்து 10-ம் நாள் விடியற்காலை 4 மணியளவில், கருவறையில் ஒரே சுடரிலிருந்து ஐந்து விளக்குகளைப் பரணி தீபமாக ஏற்றுவார்கள். மாலையில் பஞ்சமூர்த்திகள் (விநாயகர், முருகன், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேஸ்வரர்) எழுந்தருளிக் காத்திருக்க, 6 மணியையொட்டி அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வருவார். அவர் வெளியே வருவது ஆண்டுக்கு இந்த ஒருமுறைதான். அப்போது கொடிமரத்தின் முன் அகண்ட தீபம் சுடர்விட, 2,668 அடி உயர மலை உச்சியில் கொப்பரையில் மகா தீபம் ஏறும். பலரும் மலையையே பார்த்துக்கொண்டிருந்து இந்தத் தரிசனத்தைத் தவறவிடுகிறார்கள். மகா தீபம் 11 நாள் எரியும், பிறகுகூடப் பார்க்கலாம். முதலில் கொடிமரத்தின் பக்கம் பாருங்கள்.

கே: அடிமுடி தேடிய கதையைக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்வது?

ப: சிவன் கோயிலுக்குக் கூட்டிப் போய், கருவறையின் பின்சுவரில் இருக்கும் லிங்கோத்பவரைக் காட்டுங்கள். லிங்கத்தின் நடுவே சிவன் நிற்பார்; பாதமும் முடியும் கல்லுக்குள் மறைந்திருக்கும். சிவனின் முடியைத் தேடி மேலே அன்னமாகப் பிரமன், அடியைத் தேடிக் கீழே நிலத்தைக் கெல்லும் பன்றியாகத் திருமால். முடியைக் கண்டதாகப் பிரமனுக்குப் பொய்ச்சாட்சி சொன்ன தாழம்பூ சிவபூஜையிலிருந்து விலக்கப்பட்டதையும் அங்கேயே சொல்லிவிடலாம். ஞானசம்பந்தர் தம் பதிகங்களில் பெரும்பாலும் ஒன்பதாம் பாட்டில் இந்தத் தேடலைப் பாடியிருக்கிறார். பெரிய பிள்ளைகளென்றால் தேவாரத்தைப் பிரித்துத் தேடச் சொல்லுங்கள், ஆசையாகத் தேடுவார்கள்.

கே: புது அகல் எண்ணெயைக் குடித்துவிடுகிறது. திரியும் படபடவென்று வெடித்து அணைகிறது.

ப: சுட்ட மண்ணின் நுண்துளைகள் எண்ணெயை இழுக்கின்றன. முதல் நாள் இரவே அகலைத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் எடுத்துக் கவிழ்த்து நன்றாக உலரவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால்தான் திரி வெடிக்கும். எண்ணெய் முக்கால் அகல் போதும். திரியை எண்ணெயில் முழுக்க நனைத்துப் போட்டு, நுனி அரை விரற்கடை மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். அதிகம் நீட்டினால் புகையும், கரி பிடிக்கும்.

கே: பொரி உருண்டை உதிர்கிறது, சில வருடம் கல்லாகிவிடுகிறது.

ப: இரண்டுக்கும் பாகுதான் காரணம். நெல் பொரி 4 கப் என்றால் வெல்லம் முக்கால் கப், தண்ணீர் கால் கப். வெல்லம் கரைந்ததும் மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்கவிடுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டுங்கள். கெட்டியாகத் திரண்டு, தட்டில் போட்டால் ‘டங்’ என்று கேட்க வேண்டும். உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். அதற்கு முன் இறக்கினால் உதிரும். மேலும் காய்ந்தால் இறுகும். ஏலக்காய்ப் பொடி, பல்லு பல்லாகக் கீறிய தேங்காய் சேர்த்து, பொரியைக் கொட்டிக் கிளறி, கையில் அரிசி மாவு தொட்டுக்கொண்டு சூடு ஆறுவதற்குள் பிடித்துவிடுங்கள். பொரியில் உமி இருந்தால் தொண்டையில் குத்தும். முன்கூட்டியே புடைத்து வையுங்கள்.

கே: பெருமாள் கோயிலில் சில வருடம் மறுநாள்தானே தீபம்?

ப: ஆம். பெருமாள் கோயில் வழிபாட்டு முறைகளில் ஒன்றான பாஞ்சராத்திர ஆகமத்தைப் பின்பற்றும் கோயில்கள் பலவற்றில், கார்த்திகைக்கு அடுத்து வரும் ரோகிணி நட்சத்திரத்தைக் கணக்கில் கொள்வார்கள். உங்கள் ஊர்க் கோயில் எந்த நாளில் சொக்கப்பனை (கோயில் முன் பனை ஓலை கட்டி எரிப்பது) கொளுத்துகிறதோ, அன்றைக்கே வீட்டிலும் விளக்கேற்றுங்கள்.