தளம் போடும் தேதியைக் கேளுங்கள்

கேள்வி: மதுரையில் சிவில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி நான். சொந்த ஊர் மேலூர். கோடை விடுமுறையில் நான்கு வாரம் களப்பயிற்சி முடிக்க வேண்டும். மூன்று வாய்ப்புகள் உள்ளன. ஒன்று, பெரிய நிறுவனம் ஒன்றின் மேம்பாலப் பணி. இரண்டாவது, மாமாவுக்குத் தெரிந்த ஒப்பந்தக்காரர் ஒத்தக்கடை அருகே கட்டும் மூன்று மாடிக் கட்டடம். மூன்றாவது, 4,000 ரூபாய் கட்டினால் வீட்டிலிருந்தே முடித்துச் சான்றிதழ் தரும் ஆன்லைன் பயிற்சி. பெரிய நிறுவனத்தின் பெயர் இருந்தால்தான் வேலை கிடைக்கும் என்கிறார் அப்பா. நான் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஆன்லைன் பயிற்சியை இப்போதே விட்டுவிடுங்கள். வரைபட மென்பொருள் கற்க ஆசை இருந்தால் அதற்கென்று ஒரு வகுப்பில் சேருங்கள், அது நல்லதுதான். ஆனால் செங்கல்லைக் கையில் தொடாதவருக்குப் பணம் வாங்கிக்கொண்டு தரும் தாளை யாரும் களப்பயிற்சியாக மதிப்பதில்லை. நேர்காணலுக்கு வரும் மாணவர்களிடம் நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கம்பி கட்டி முடித்த பிறகு, கான்கிரீட் கொட்டுவதற்கு முன் என்னென்ன சரிபார்த்தீர்கள்?" தளத்தின் மேல் ஏறி நின்றவர் அரை நிமிடத்தில் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். நிற்காதவர் பாடப்புத்தகத்தை ஒப்பிப்பார்.

உங்கள் அப்பாவின் எண்ணம் புரிகிறது. நத்தம் சாலையில் 7.3 கிலோமீட்டர் நீளப் பறக்கும் பாலம் 2023இல் திறக்கப்பட்ட பிறகு, பாலப் பணி என்றாலே நம் பக்கத்தில் தனி மதிப்பு வந்துவிட்டது. ஆனால் அவ்வளவு பெரிய பணியில் ஒரே வகை வேலை மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கும். நான்கு வாரம் மட்டும் வருகிறவரை ஏதாவது ஒரு பிரிவில் உட்கார வைப்பார்கள். அது தரக்கட்டுப்பாட்டுச் சோதனைக்கூடமாக இருந்தால் தயங்காமல் போங்கள். ஜல்லி, மணல், சிமெண்ட், கான்கிரீட் எல்லாம் ஒரே கூரையின் கீழ் சோதிக்கப்படுவதைச் சின்னக் கட்டடத்தில் பார்க்க முடியாது. எந்தப் பிரிவு என்று அவர்கள் சொல்லத் தயங்கினால், ஒத்தக்கடைக்கே போகலாம் என்பேன். அதற்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது.

ஒப்பந்தக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, அடுத்த தளத்துக்கு, அதாவது மாடியின் கூரைக்கு, எந்தத் தேதியில் கான்கிரீட் போடுகிறார்கள் என்பதுதான். அந்தத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் வேலைக்குச் சேருங்கள். பலகை அடிப்பது, முட்டுக் கொடுப்பது, கம்பி கட்டுவது, கம்பி பலகையில் ஒட்டாமல் இருக்க அடியில் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை வைப்பது, கான்கிரீட் கொட்டுவது, தண்ணீர் கட்டுவது, பலகை பிரிப்பது என்று ஒரு முழுச் சுற்றையும் நான்கு வாரத்துக்குள் பார்த்துவிடலாம். அதே கட்டடத்தில் பூச்சு வேலை மட்டும் நடக்கும் மாதத்தில் போனால், இதில் ஒன்றுகூடக் கண்ணில் படாது.

தளம் போடும் அன்று கியூப் எடுப்பதை, அதாவது வலிமையைச் சோதிக்க அதே கான்கிரீட்டில் சிறு கனசதுரங்கள் வார்ப்பதை, கவனியுங்கள். 1,000 சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம் என்றால் கான்கிரீட் 12 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456:2000இன்படி 6 முதல் 15 கன மீட்டர் வரை இரண்டு மாதிரிகள், மாதிரிக்கு மூன்று கியூப், ஆக ஆறு. ஏழாம் நாள் சோதனைக்கு வேண்டுமானால் அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். எம்20 என்ற வலிமைத் தரக் கான்கிரீட்டில் வார்த்த 15 சென்டிமீட்டர் கியூப், 28ஆம் நாளில் 450 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 46 டன் சுமையைத் தாங்க வேண்டும். வகுப்பில் எழுதிப் பார்த்த அந்தக் கணக்கை, நீங்களே நிரப்பிக் குத்திய கியூப் இயந்திரத்தில் நொறுங்கும்போது பார்ப்பது வேறு அனுபவம். அதற்குள் உங்கள் நான்கு வாரம் முடிந்திருக்கும். கியூப் உடைக்கும் நாளில் மட்டும் திரும்பி வர அனுமதி வாங்கி வையுங்கள்.

அடுத்து, தண்ணீர் கட்டுவதை விடாமல் பாருங்கள். மதுரை வெயிலில் காலையில் ஊற்றிய நீர் மதியத்துக்குள் காய்ந்துவிடும். வெப்பமும் வறட்சியும் உள்ள இடத்தில் குறைந்தது 10 நாள் ஈரம் காக்க வேண்டும் என்கிறது விதி. பிபிசி (போசோலானா சிமெண்ட்) போன்ற கலப்பு சிமெண்ட் என்றால் 14 நாள் வரை நீட்டிப்பது நல்லது என்றும் சொல்கிறது. முட்டு எடுக்கவும் கணக்கு உண்டு: தாங்கும் இடங்களுக்கு நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளி உள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள், அதற்கு மேல் 14 நாள். மேஸ்திரி அதற்கு முன்பே பிரித்தால் ஏன் என்று பணிவாகக் கேளுங்கள். முப்பது ஆண்டுகளாகக் கம்பி கட்டுகிறவருக்கு நீங்கள் கற்றுத்தரப் போகவில்லை. கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

இப்போது, ஒத்தக்கடைக்குப் போக நான் சொன்ன நிபந்தனை. கட்டமைப்பு வரைபடம் களத்தில் இருக்கிறதா, அதை நீங்கள் பார்க்கலாமா, கியூப் எடுக்கும் வழக்கம் உண்டா, பொறியாளர் வாரத்துக்கு எத்தனை முறை வருகிறார் என்று கேளுங்கள். வரைபடமே இல்லை, எல்லாம் அனுபவம்தான் என்று பதில் வந்தால், மாமாவுக்கு வருத்தம் வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தவறான பழக்கத்தைச் சரியென்று படித்துக்கொண்டு வருவது, எதுவும் படிக்காமல் வருவதைவிடக் கெடுதல். பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, மாலையில் எத்தனை மணிக்கு விடுவார்கள் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள். தலைக்கவசமும் கனமான காலணியும் அவர்கள் தராவிட்டால் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். செருப்போடு தளத்தில் ஏறவே கூடாது.

ஒரு குறிப்பேடு வைத்திருங்கள். தேதி, வெயிலா மழையா, எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எத்தனை மூட்டை சிமெண்ட், என்ன வேலை முடிந்தது, ஒரு சிறு படம். கம்பி வந்து இறங்கும் நாளில் மி.மீ. கணக்கில் அதன் விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ வரும். ரசீதில் உள்ள எடையோடு ஒப்பிட்டால் கணக்கும் களமும் ஒன்றாகும்.

அடுத்த விடுமுறைக்கும் இப்போதே ஒரு யோசனை. திருமங்கலம் பக்கம் கரிசல் மண்ணில் அடித்தளத்துக்கு வானம் தோண்டும் கட்டடம் எதற்காவது போய் நில்லுங்கள். மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் அந்த மண்ணில், அடியில் குமிழ் விட்ட பைல் (மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்) ஏன் போடுகிறார்கள் என்பது பார்த்தவுடன் புரியும். நீர்ப்பாசனத்தில் ஆர்வம் இருந்தால் உங்கள் ஊர்க் கால்வாயே இருக்கிறது. வைகை மேல் உள்ள பேரணையிலிருந்து மேலூர்ப் பக்கம் வரும் பெரியாறு பிரதானக் கால்வாயில் தண்ணீர் இல்லாத மாதங்களில்தான் பராமரிப்பு நடக்கும். கல்லூரிக் கடிதத்தோடு நீர்வளத்துறைச் செயற்பொறியாளருக்கு விண்ணப்பியுங்கள். முடிந்த வேலையை அளந்து அளவுப் புத்தகம் எழுதுவதையும் அதிலிருந்து பில் எழுவதையும் அரசு அலுவலகத்தைப் போல் வேறெங்கும் தெளிவாகக் கற்க முடியாது.

ஒத்தக்கடைக்கு இந்த வாரமே போய் வாருங்கள். துறைத்தலைவரின் கடிதத்தில் தொடங்கும் நாளும் முடியும் நாளும் எழுதியிருக்கட்டும். அறிமுகத்துக்கு மாமாவை அழைத்துச் செல்லலாம். கேள்விகளை நீங்களே கேளுங்கள்.